பதினைந்து நிரந்தர ஆசனங்கள்

ஐரோப்பாவின் பெருஞ்செல்வமுடைய உதைபந்தாட்டக் கழகங்கள் பன்னிரண்டு, தமக்கெனத் தனியானதொரு பன்னாட்டுச் சுற்றுப்போட்டியை அமைக்கப் போவதாக 2021 ஏப்ரில் 18ஆம் நாள் அறிவித்தன. இங்கிலாந்திலிருந்து ஆறு, ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மும்மூன்று. 'சுப்பர் லீக்' என்பது பெயர். இருபது கழகங்கள் ஆடவேண்டிய அப்போட்டியிலே, தொடக்குநராகிய பதினைந்துக்கு நிரந்தர இடம். எஞ்சிய ஐந்துக்கே ஆண்டுதோறும் பிறர் தகுதி பெற்று வரலாம். தொடக்குநருக்கு 350 கோடி யூரோ கிடைக்குமெனவும் கூறப்பட்டது.

புதிய போட்டி என்பதற்காக நாம் குறைகூற வரவில்லை. இன்று சம்பியன்ஸ் லீக் என வழங்குவதும் ஒரு காலத்தில் வெறும் யோசனையே. 1954 டிசெம்பரில் இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ப்டன் அணி ஹங்கேரியின் ஹொன்வெட் அணியை 3-2 என வென்றதும், ஆங்கிலப் பத்திரிகைகள் அதற்கு உலக வெற்றிவீரர் பட்டமே சூட்டிவிட்டன. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கப்ரியேல் ஹனோ அதனை ஏற்கவில்லை. முறையான போட்டியொன்று நடத்திப் பார்த்தாலன்றோ தெரியும் என்று லெக்கிப் பத்திரிகையில் எழுதினார். மறு ஆண்டே அது தொடங்கிற்று. அவ்வாண்டு இங்கிலாந்தின் முதன்மைக் கழகமான செல்சியை அந்நாட்டு லீக் அதிகாரிகளே போகவிடாது தடுத்தனர்! புதுமைக்கு அஞ்சுவோர் எக்காலத்திலும் உளர்.

ஆகவே, 2021இன் திட்டத்திற் கண்ட குற்றம் அதன் புதுமையன்று. அந்தப் பதினைந்து ஆசனங்களே. எத்தனை புள்ளி பெறினும் மேல்வகுப்பு உறுதி என்று பதினைந்து மாணாக்கருக்கு முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டால் வகுப்பறை என்னவாகும் என்பதை ஆசிரியத் தொழில் புரியும் நாம் நன்கறிவோம்.

நொட்டிங்ஹாம் பொரஸ்ட் கழகத்தை நோக்குக. 1977 வரை அது ஆங்கில லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடியது. அங்கும் மூன்றாம் இடம் பெற்றே மேலேறியது. 1978இல் முதற்பிரிவு வெற்றிக்கழகம். 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணம்! பிறையன் கிளவ் என்னும் பயிற்றுநரின் கைவண்ணம் அது. ஆசனங்கள் முன்னரே நிரம்பியிருந்தால் அக்கழகம் எவ்வழியே உட்புகுந்திருக்கும்?

நோய்த்தொற்றுக் காரணமாக மைதானங்களில் இரசிகர்களுக்கு இடமில்லாத காலம் அது. ஆயினும் செல்சி இரசிகர்கள் வீதியிலே திரண்டு, தம் சொந்த அணியின் பேருந்தையே மறித்தனர். அறிவிப்பு வெளிவந்த இரண்டே நாளில் ஆங்கிலக் கழகங்கள் ஆறும் பின்வாங்கின.

2023 டிசெம்பர் 21இல் ஐரோப்பிய நீதிமன்றம், புதிய போட்டிகளுக்கு முன்னனுமதி பெறவேண்டுமெனத் தெளிவான அளவுகோலின்றி விதித்த உதைபந்தாட்டச் சம்மேளனங்களின் விதிகள் சட்டத்திற்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. அன்றே திட்டக்காரர் 64 கழகங்கள் கொண்ட புதிய அமைப்பொன்றை முன்வைத்தனர். அதிலே நிரந்தர ஆசனம் ஒன்றேனும் இல்லை.