மீன் குட்டையில் கரன்ட் வைக்கலாமா?

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு பொதுவான தலைவலி உண்டு. கட்லா, ரோகு என்று குஞ்சு வாங்கி விட்டிருப்பார்கள். ஆறேழு மாதம் கழித்து வலை போட்டால், உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டைதான் குவியலாக வரும். தீவனம் போட்டது ஒன்றுக்கு, தின்றது இன்னொன்று! அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ கண்ணில் படும். முதுகில் பேட்டரிப் பெட்டி, கையில் வளையம் மாட்டிய கம்பு. தண்ணீரில் விட்டதும் மீன்கள் மயங்கி மிதக்கின்றன. 'இதில் ஒன்று வாங்கிவிட்டால் என்ன?'

அது பொய்யான கருவி இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடைகளில் மீன் கணக்கெடுக்க விஞ்ஞானிகள் பயன்படுத்துவது. நேர்மின்சாரத்தை விட்டு விட்டுத் துடிப்பாகச் செலுத்தினால் மீன் வளையத்தை நோக்கி நீந்தி வரும். வாங்கும் முன் அவர்கள் முதலில் பார்ப்பது விலையை அல்ல, தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை. நம் பகுதி போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது. அதில் மின்னோட்டம் மீனை விட்டுவிட்டுத் தண்ணீர் வழியாகவே ஓடும். சின்னக் கருவி திணறிப்போகும். முழங்கால், இடுப்பளவு ஓடையில் வேலை செய்வது ஆழமான குட்டையில் எடுபடாது. மீன் அடியில் நழுவிவிடும்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. ஒரே மின்புலத்தில் நீளமான மீனுக்கு அதிர்ச்சி அதிகம், குட்டி மீனுக்குக் குறைவு. அதாவது, காசு கொடுத்து விட்ட கட்லாவுக்கு முதுகெலும்பு முறியலாம். ஒழிக்க நினைத்த ஜிலேபிக் குஞ்சு தப்பிவிடும். தாய் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே அடைகாக்கும் இனம். நாலைந்து மிஞ்சினாலே போதும், குட்டை பழையபடி நிறைந்துவிடும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் நம் ஏரி குளமெல்லாம் பரவியது இப்படித்தான்.

கருவி வாங்கக் காசில்லாதவர்கள் செய்வது இன்னும் மோசம். மோட்டார் ரூமிலிருந்தோ மின்கம்பியிலிருந்தோ ஒயரை இழுத்துத் தண்ணீரில் போடுவது. ஈரக்காலோடு நிற்பவர் உயிரை எடுக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். கோடையில் ஏரி வற்றும்போது இப்படிப் பலியானவர்கள் செய்தி வருவது புதிதல்ல. கம்பியில் கொக்கி போட்டால், 2003 மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி திருட்டு வழக்கும் உண்டு.

அப்படியானால் களை மீனை எப்படி ஒழிப்பது? சித்திரை, வைகாசியில் தண்ணீரை இறைத்து, அடிமண் வெடிக்கும்வரை காயவிடுவதுதான் முதல் வழி. விராலும் கெளுத்தியும் சேற்றுக்குள் பதுங்கும் என்பதால் அரைகுறையாகக் காயவிட்டுப் பயனில்லை. இறைக்க முடியாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு. ஹெக்டேருக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2,500 கிலோ என்பது கணக்கு. 10 சென்ட் குட்டைக்கு சுமார் 100 கிலோ வரும். ஊறவைத்துத் தூவினால் மீன்கள் செத்து மிதக்கும். விஷத்தன்மை போக இரண்டு, மூன்று வாரம் ஆகும். பிறகு அதுவே குட்டைக்கு உரம். தண்ணீர் விடும் குழாய் வாயில் நெருக்கமான வலைத்துணி கட்ட மறந்தால் அத்தனை பாடும் வீண்.

அளவில் சந்தேகம் இருந்தால் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திலோ நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம். குஞ்சு விடுவதற்கு முந்தின நாள், பத்துக் குஞ்சுகளை ஒரு வலைப்பையில் போட்டுக் குட்டைக்குள் கட்டித் தொங்கவிடுங்கள். மறுநாள் காலையில் பத்தும் துள்ளினால் மீதியை விடலாம்.