பின்னச்சை மாற்றும் முன்...

 

குடும்ப மாத இதழில், விளையாட்டுக் கார் ஒன்றின் பின்னச்சைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் வியக்கக்கூடும். காரணம் இருக்கிறது. சபுராளிகள் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. பிழைப்பை நாடிக் கடல் கடந்த நம் பிள்ளைகளுள் இயந்திரங்களின் மீது தீராத ஆவல் கொண்டோரும் உளர். ஊதியத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கார் ஒன்றை வாங்கி, விடுமுறை நாள்களில் அதனைப் பிரித்துப் பூட்டி மகிழ்கின்றனர். இது பழிக்கத்தக்க ஆசை அன்று. கையால் உழைத்துக் கற்கும் எந்தத் தொழிலும் நன்றே. ஆயினும் அந்த ஆசை எந்த இடத்தில் ஆபத்தாக மாறுகிறது என்பதை வாப்பாமாரும் உம்மாமாரும் அறிந்திருத்தல் நலம். விவரம் அறியாமல் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லும் சொல்லுக்கு இளைஞர் செவிசாய்ப்பதில்லை. விவரம் அறிந்து கேட்கும் ஒரு கேள்விக்கு நின்று பதில் சொல்வர்.

ஆகவே, இத்தகைய மாற்றங்களுக்குப் பெயர்போன ஆறு சிலிண்டர் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வாயிலாக இதனை விளங்கிக் கொள்வோம்.

உலகம் சுற்றிய ஜப்பானியக் கார்

1969 அக்டோபரில் ஜப்பானின் நிஸ்ஸான் நிறுவனம் 'ஃபேர்லேடி இசட்' என்னும் காரை அறிமுகம் செய்தது. அமெரிக்காவில் அது 'டாட்சன் 240 இசட்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. 240 என்பது 2.4 லிட்டரைக் குறிப்பது. ஒரே வரிசையில் அமைந்த ஆறு சிலிண்டர்கள். கொள்ளளவு 2,393 கன சென்டிமீட்டர். ஆற்றல் 151 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது. விலையோ 3,526 டாலர். ஐரோப்பிய விளையாட்டுக் கார்கள் எட்டாக் கனியாய் இருந்த நடுத்தர மக்களுக்கு இது எட்டிய கனியாயிற்று. அமெரிக்காவில் நிஸ்ஸான் விற்பனைக்குத் தலைமையேற்றிருந்த யுடாக்கா கட்டயாமாவின் விடாமுயற்சி இக்காரின் பிறப்புக்குப் பெரிதும் துணைநின்றது.

உறுதியிலும் இது சளைத்ததன்று. கிழக்காப்பிரிக்காவின் புழுதியிலும் சேற்றிலும் நடைபெற்ற சஃபாரி ராலிப் பந்தயத்தில் 1971-லும் 1973-லும் 240 இசட் வெற்றி வாகை சூடியது. 1973-இல் அதனை ஓட்டி வென்றவர் இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சக்தியைப் பங்கிடும் பெட்டி

எஞ்சின் முன்னால் இருக்கிறது. காரை உந்துவதோ பின் சக்கரங்கள். எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாகவும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகவும் பின்னால் வந்து, இரு பின் சக்கரங்களுக்கும் நடுவேயுள்ள இரும்புப் பெட்டியை அடைகிறது. அதுவே டிஃபரன்ஷியல். அதனுள் பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அங்கிருந்து இரு பக்கமும் செல்லும் தண்டுகள் சக்கரங்களைத் திருப்புகின்றன.

வளைவில் கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தொலைவும், உட்பக்கச் சக்கரம் குறைந்த தொலைவும் உருள வேண்டும். அந்த வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பதே டிஃபரன்ஷியலின் பணி. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குறை உண்டு. அது இரு சக்கரங்களுக்கும் சம விசையையே அளிக்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடியிழந்தால், அது தாங்கும் சிறு விசை எதுவோ அதுவே மறு சக்கரத்துக்கும் கிட்டும். ஒன்று வீணே சுழல, மற்றது அசையாது நிற்கும். இக்குறையைப் போக்கவே 'லிமிடெட் ஸ்லிப்' என்னும் வகை வந்தது. அதனுள் அடுக்கப்பட்ட தட்டுகள் ஒன்றோடொன்று உரசிப் பற்றி, பிடியுள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசையை அனுப்புகின்றன.

ஏன் மாற்றுகிறார்கள்?

240 இசட் காரில் உள்ள டிஃபரன்ஷியலின் பெயர் ஆர்-180. கிரவுன் வீலின் விட்டம் 180 மில்லிமீட்டர் என்பதே அப்பெயரின் பொருள். 1975-இல் வந்த 280 இசட் கார்களில் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆர்-200 பொருத்தப்பட்டது. பெரிய பல், பெரிய தாங்கி, கூடிய உறுதி. எஞ்சினின் ஆற்றலைப் பெருக்கியவர்கள் ஆர்-180-ஐக் கழற்றிவிட்டு ஆர்-200-ஐப் பூட்டுவது பல்லாண்டுகளாக நடந்துவரும் வழக்கம்.

இங்கே முதற்கேள்வியைக் கேளுங்கள்: எஞ்சின் பழைய எஞ்சின்தானா? ஆம் எனில், ஆர்-180 அதற்குப் போதுமானது. தேவையற்ற எடையைப் பணம் கொடுத்து வாங்குவது வீண்விரயமே அன்றி வேறில்லை.

அடுத்த பலவீனம் எங்கே?

நேயர்களே! இக்கட்டுரையில் நீங்கள் மனத்திற் பதிக்க வேண்டிய பகுதி இதுவே. சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் தடித்ததாக்கினால் சங்கிலி வலுப்பெறுவதில்லை. அறுபடும் இடம் மாறுகிறது, அவ்வளவே.

ஆர்-200-ஐப் பூட்டியவுடன் டிஃபரன்ஷியல் உடையும் அச்சம் நீங்குகிறது. ஆனால் அதே விசை இப்போது பக்கத் தண்டுகளின் யூ-ஜாயிண்டுகளைத் தாக்குகிறது. அவையும் தாங்கினால், சக்கரத்தையே சுமக்கும் குட்டை அச்சைத் தாக்குகிறது. 240 இசட் காரின் குட்டை அச்சில் 25 பற்கோடுகள். 280 இசட் காரில் உறுதி கூட்டப்பட்டு 27 பற்கோடுகள். பெருவிசை எஞ்சினோடு, பழைய 25 பற்கோட்டு அச்சை வைத்துக்கொண்டு, ஒட்டும் தன்மை மிகுந்த டயர்களில் காரைச் சீறிப் பாயச் செய்தால் அந்த அச்சு முறியும் வாய்ப்புண்டு. டிஃபரன்ஷியல் உடைந்தால் கார் நிற்கும்; குட்டை அச்சு முறிந்தால் சக்கரம் எவர் கட்டுப்பாட்டிலும் இராது. சாலையோரத்தில் நிற்கும் குழந்தைக்கு இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

எனவே இரண்டாம் கேள்வி: டிஃபரன்ஷியலோடு பக்கத் தண்டுகளையும் குட்டை அச்சுகளையும் பிரேக்கையும் பார்த்தாயா? இக்காரின் பின் பிரேக்குகள் டிரம் வகையைச் சேர்ந்தவை. ஓடும் ஆற்றலைக் கூட்டியவன் நிற்கும் ஆற்றலைக் கூட்டாதிருப்பது அறிவுடைமை ஆகாது.

லிமிடெட் ஸ்லிப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஈரமான வளைவில் அவசரமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரமே வழுக்கும். லிமிடெட் ஸ்லிப்பிலோ இரண்டும் ஒருசேர வழுக்கிக் காரின் பின்புறம் சுழன்றுவிடக்கூடும். பழகாத கைக்கு அதனை மீட்பது அரிது.

பொய் சொல்லும் வேகமானி

பின்னச்சை மாற்றினால் பெரும்பாலும் பல் விகிதமும் மாறும். பழைய பெட்டியில் கிரவுன் வீலுக்கு 37 பற்களும் பினியனுக்கு 11 பற்களும் இருப்பின் விகிதம் 3.36. புதிதாகப் பூட்டுவதில் 39-க்கு 10 எனில் விகிதம் 3.9. அதாவது 16 விழுக்காடு கூடுதல். புறப்படும் வேகம் கூடும், உண்மையே. ஆனால் நான்காம் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,800 முறை சுழன்ற எஞ்சின் இனி 3,250 முறை சுழலும். இரைச்சலும் பெட்ரோல் செலவும் ஏறும்.

இதனினும் முக்கியமானது வேகமானி. அது கியர்பாக்ஸின் பின்முனைச் சுழற்சியைக் கொண்டே கணக்கிடுகிறது. விகிதம் கூடினால், 100 கிலோமீட்டர் வேகத்தில் 116 என்று காட்டும். மாறாக 3.9-இலிருந்து 3.36-க்கு மாற்றினால், 100-இல் ஓடும் காரில் முள் 86-இல் நிற்கும். ஓட்டுநர் தம்மை அறியாமலே சட்டத்தை மீறுவார். கியர்பாக்ஸில் வேகமானிக்குரிய சிறு பற்சக்கரத்தை மாற்றினால் இது தீரும். செலவு சொற்பம், மறப்போரோ பலர். அளவையில் மோசம் செய்வோரை எச்சரிக்கும் தனி அத்தியாயமே திருமறையில் உண்டு என்பதை அறிந்த நாம், அளக்கும் கருவியைப் பொய்யாக விட்டுவைக்கலாகாது.

வாங்கும்போதும் பூட்டும்போதும்

பழைய பாகம் வாங்குவோர் விற்பவரின் சொல்லோடு நின்றுவிடக் கூடாது. ஆர்-200 எல்லாம் லிமிடெட் ஸ்லிப் அல்ல, பெரும்பாலானவை சாதாரணமானவையே. ஒரு பக்க முனையைக் கையால் திருப்புங்கள். மறுபக்கம் எதிர்த்திசையில் சுழன்றால் அது சாதாரண வகை. ஒரே திசையில் சுழன்றால் லிமிடெட் ஸ்லிப். எண்ணெயில் இரும்புத் தூள் மினுங்குகிறதா என்று பாருங்கள். பற்களை எண்ணுங்கள். 1206-இல், இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கிரில், பற்சக்கரங்களும் நீரேற்றிகளும் அடங்கிய தம் பெருநூலை முடித்த அல்-ஜஸரி, செய்து பார்த்துச் சரிகண்ட பின்னரே எதனையும் ஏற்கும் இயல்பினர். அவ்வழக்கம் நம் பிள்ளைகளிடமும் இருக்கட்டும்.

பூட்டும் முறையில் சில குறிப்புகள்: காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்கவே கூடாது, உறுதியான இரும்புத் தாங்கிகள் வேண்டும். ஆர்-200 ஒருவர் கையில் ஏந்தும் எடையன்று. துணைக்கு ஓர் ஆள் தேவை. அதன் பின்புறத்தைத் தாங்கும், மீசை போல் வளைந்த இரும்புப் பட்டை ஆர்-180-க்கு வேறு, ஆர்-200-க்கு வேறு; உரியதையே பூட்ட வேண்டும். முன்புறத்து ரப்பர் தாங்கியைப் புதிதாக மாற்றுவது நன்று; அது நைந்துபோனால் கியர் மாற்றுந்தோறும் 'டொக்' என்னும் ஓசை எழும். எண்ணெயை வடிக்கும் முன், எண்ணெய் ஊற்றும் மூடி கழலுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; வடித்த பின் அம்மூடி கழலாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். தட்டு வகை லிமிடெட் ஸ்லிப்புக்கு, அதற்கென அனுமதிக்கப்பட்ட ஜி.எல்-5 தர கியர் ஆயிலையே ஊற்ற வேண்டும்.

சாலையின் உரிமை

வசிக்கும் நாட்டின் சட்டத்தை அறிந்து, அனுமதி தேவையெனில் பெற்று, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்த பின்னரே இவ்வேலையில் இறங்க வேண்டும். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. காரைப் பின்னாளில் விற்க நேர்ந்தால், செய்த மாற்றங்களை ஒளிக்காது கூறி விற்க வேண்டும். குறையை மறைத்து விற்ற பொருளில் பரக்கத் இராது.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக நமக்குக் கற்பித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அத்தகைய உம்மத்தைச் சேர்ந்த நாமே சாலைக்கு இடையூறாக அமைந்துவிடலாமா? ஒட்டகத்தைக் கட்டிய பின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் இது. முறுக்க வேண்டிய போல்ட்டை முறுக்காது விட்டுவிட்டுத் துஆவை மட்டும் நம்புவது தவக்குல் ஆகாது.

ஆகவே பெற்றோரே, கடல் கடந்த பிள்ளை அடுத்த முறை தொலைபேசியில் தன் காரைப் பற்றி ஆர்வத்தோடு பேசும்போது அலுத்துக்கொள்ளாதீர்கள். "தம்பி, குட்டை அச்சு எத்தனை பற்கோடு? பிரேக்கைப் பார்த்தாயா? வேகமானியைச் சரிசெய்தாயா?" என்று கேளுங்கள். முதலில் வியப்பான். பிறகு ஒருமுறைக்கு இருமுறை காரின் அடியில் குனிந்து பார்ப்பான். அந்த இரண்டாம் பார்வை, இன்ஷா அல்லாஹ், அவன் உயிரையும் பிறர் உயிரையும் காக்கும்.