தூங்கும் மோட்டாரை எழுப்பும் வித்தை

படகின் பின்பலகையில் இரண்டு திருகுகளைக் கொண்டு இறுக்கி மாட்டிக்கொள்ளும் சிறு யந்திரத்திற்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். குமரிமுனைப் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களுக்குப் போயிருக்கும் நேயர்கள், வள்ளங்களின் பின்னால் இது ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது இதன் பெரிய சௌகரியம். அந்தச் சௌகரியமே இதற்குச் சத்துருவாகவும் முடிகிறது. கொட்டகை மூலையில் சாத்தி வைத்தவர் அப்படியே மறந்துபோகிறார். பத்து வருஷமோ இருபது வருஷமோ கழித்து வீட்டுப் பிள்ளை ஒருவன் அதைக் கண்டெடுத்து, தூசியைத் தட்டி, உற்சாக மிகுதியால் கயிற்றைச் சுற்றிப் பலங்கொண்ட மட்டும் இழுக்கிறான். பல நல்ல யந்திரங்களுக்கு ஆயுள் முடிகிற இடம் அதுதான்.

இவ்விஷயத்தை விளக்குவதற்கு இங்கிலாந்து தேசத்துப் 'பிரிட்டிஷ் ஸீகல்' மோட்டாரைப் போன்ற உதாரணம் வேறில்லை. 1931-ஆம் ஆண்டில் பிறந்த இந்த மோட்டார், பின்னர் தென் கரையிலுள்ள பூல் என்னும் துறைமுகப் பட்டினத்தில் நெடுங்காலம் உற்பத்தியாயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. 1996-இல் உற்பத்தி நின்றுபோயிற்று. எனினும் ஐம்பது அறுபது வயதான ஸீகல்கள் இன்றும் அங்கே உப்பங்கழிகளில் புகை கக்கிக்கொண்டு ஓடுகின்றன. செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்ட பிறகும் சரக்கு உயிரோடிருப்பதன் இரகசியம், அதன் அமைப்பிலுள்ள எளிமைதான். ஒரே சிலிண்டர், அதுவும் வார்ப்பிரும்பு. பழைய மாதிரிகள் பலவற்றில் பெட்ரோல் தொட்டி, நம் வீட்டுக் குடங்களைப் போலப் பித்தளை, துருப்பிடிக்காது. மூடி மறைத்த பாகம் மிகக் குறைவு.

அந்நியச் சரக்குக்கு இத்தனை புகழ்மாலையா என்று சிலர் புருவத்தை நெரிக்கலாம். யந்திரங்களிடம் எச்சரிக்கையாயிருந்த காந்தியடிகளே 1924-இல் ஸிங்கர் தையல் யந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்துப் பேசினார். மனிதனின் கைக்குள் அடங்கி அவனுக்கு உதவுகிற யந்திரம் வேறு, அவனை ஆட்டிவைக்கிற யந்திரம் வேறு என்பது அவர் கருத்து. உடையவனால் திறந்து பார்க்க முடியாதபடி முத்திரையிட்டு விற்கப்படும் பொருள், விலை கொடுத்து வாங்கியபின்னும் முழுக்க அவனுடையதாகிறதா என்பது எனக்குச் சந்தேகமே.

நிற்க. கயிற்றைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே கொஞ்சம் மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சும்மா விட்டுவிடவேண்டும். நெடுநாள் நின்ற யந்திரத்தில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். பலாத்காரமாய் இழுத்தால் வளையம் ஒடியும். சுவரில் கீறல் விழும். எண்ணெய் ஊறி வழிவிட ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். பிறகு மேலேயுள்ள சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால், தானே இளகிக் கொடுக்கும். அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது.

அடுத்தது நெருப்புப் பொறி. இதற்கு பாட்டரி இல்லை. சக்கரத்திலுள்ள காந்தம் சுற்றும்போது மாக்னெட்டோவில் மின்சாரம் உண்டாகிறது. 'பாயிண்ட்' என்னும் இரு சிறு உலோக முனைகள் விலகும் கணத்தில் பிளக்கில் பொறி தெறிக்கிறது. அந்த முனைகளில் கண்ணுக்குத் தெரியாத மாசுப் படலம் படிந்திருந்தாலும் போதும், பொறி வராது. மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்து, இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பாகம் இருக்கும்படி வைத்துக்கொள்ளவேண்டும். செத்துப்போனதாகக் கருதித் தள்ளப்பட்ட மோட்டார்களில் அநேகம் இந்த அற்ப சிகிச்சையிலேயே கண்விழித்திருக்கின்றன. பிளக்கின் உடலை யந்திரத்தின் இரும்பில் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினால், இருட்டில் நீலப்பொறி தெரியும். அப்போது பெட்ரோல் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பெட்ரோல் விஷயம் சற்று விஸ்தாரமானது. தொட்டியில் தங்கிய பழைய பெட்ரோல் ஆவியாகி, பனைவெல்லப் பாகு போன்ற கசண்டாகிக் கார்புரேட்டரின் ஊசித் துவாரத்தை அடைத்துவிடும். அதைக் கழற்றிக் கழுவி, துவாரத்தின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். கம்பியை விட்டுக் குடைந்தால் துவாரம் பெரிதாகிவிடும், ஊதித்தான் எடுக்கவேண்டும். பெட்ரோல் குழாயின் திருகிலுள்ள தக்கை உலர்ந்து சுருங்கியிருந்தால் வெந்நீரில் ஊறப் போட்டால் உப்பிக்கொள்ளும்.

அந்தக் காலத்தார் அறியாத சங்கடம் ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2021-லிருந்து சாதாரணப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை எதனால் என்னும் சாராயச் சத்து கலக்கப்படுகிறது. நம் நாட்டில் 2025-இல் அது இருபது பங்கை எட்டியது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் நாமே வடித்துக்கொள்வதால் தேசத்துக்கு இலாபந்தான். ஆனால் பழைய மோட்டாருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. எதனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் நீரும் எதனாலுமாகப் பிரிந்து தொட்டியின் அடியில் போய்த் தங்கும். குழாய் இருப்பதும் அடியில்தானே! பழைய ரப்பரும் தக்கையும் அதில் கெட்டுப்போகின்றன. ஆகையால் ஒவ்வொரு தடவையும் புதுப் பெட்ரோலே விடவேண்டும்; வேலை முடிந்ததும் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட மீதி வைக்கக்கூடாது.

அதில் எண்ணெயும் கலக்கவேண்டும். பழைய ஸீகலுக்குப் பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். பிற்காலத்தவற்றுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று. இக்காலத்து எண்ணெய்ப் புட்டியில் ஐம்பதுக்கு ஒன்று என்று அச்சிட்டிருப்பதை நம்பிச் சிக்கனம் பிடித்தால், உள்ளேயுள்ள உலோகப் புதைகள் வறண்டு தேய்ந்துபோகும். பத்துக்கு ஒன்று கலந்தால் புகை அதிகம், நீரிலும் எண்ணெய் படரும். இதை ஆதரித்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. குடிநீர் ஏரிகளில் இம்மோட்டாரை ஓட்டாதிருப்பதே தர்மம்.

கீழேயுள்ள பல்சக்கரப் பெட்டியைத் திறந்தால் எண்ணெய் கடைந்த மோர் போல வெளுத்திருக்கும். வேறு மோட்டாராயிருந்தால் நீர் புகுந்துவிட்டதென்று கவலைப்படவேண்டும். ஸீகலில் அது சகஜம். அதன் மூட்டுக்கள் நீரை முற்றும் தடுக்கும்படி செய்யப்பட்டவை அல்ல. பழையதை வடித்துவிட்டுக் கனமான புது எண்ணெய் விட்டால் போதும்.

இனிதான் கயிறு. மோட்டாரை ஆழமான நீர்த்தொட்டியில் நிறுத்தி, கீழ்ப்பாகம் நன்றாக மூழ்கச் செய்யவேண்டும். வெறுந்தரையில் ஓட்டினால் சிலிண்டரைக் குளிர்விக்க நீர் கிடையாமல் சில நிமிஷங்களில் சூடேறிக் கெட்டுவிடும். பல மாதிரிகளில் யந்திரம் உயிர் பெற்ற கணமே சுழல்விசிறியும் சுழலத் தொடங்கும். மேற்சக்கரமோ மூடியின்றிச் சுழலும். வேஷ்டி நுனியையும் அங்கவஸ்திரத்தையும் இடுப்பில் செருகிக்கொள்ளாதவர் கிட்டே போகவேண்டாம். குழந்தைகளை எட்ட நிறுத்துங்கள். ஓடத் தொடங்கியதும் முதலில் கவனிக்கவேண்டியது சப்தத்தையல்ல, நீர் வெளிவரும் துவாரத்தை. அதில் நீர் வராவிட்டால் உடனே நிறுத்திவிடவேண்டும். பழைய கடலுப்பு உள்வழிகளில் இறுகிக் கிடக்கிறதென்று அர்த்தம். அதைக் கரைத்து எடுக்காமல் மறுபடி ஓட்டுவது வீண்.

தொட்டியில் கால்மணி நேரம் ஒழுங்காய் ஓடினாலும் அதை நம்பி நடுக்கடலுக்குப் போய்விடக் கூடாது. முதல் சில பயணங்கள் கரையை ஒட்டியே இருக்கட்டும்; துடுப்பும் படகிலேயே இருக்கட்டும். உப்புநீரில் ஓடி வந்த மோட்டாரை நல்ல நீரில் சிறிது நேரம் ஓட்டி, பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் வறண்டு தானாக நிற்கும்வரை விட்டு, நிமிர்த்திச் சாத்திவைக்கவேண்டும்.