சின்னக் கொக்கிதானே என்று விட்டுவிடாதீர்கள்!

கிணற்று ராட்டினம் கிறீச்சென்று கத்தினால், தண்ணீர் இறைக்கிற பெண்ணை யாரும் குறை சொல்வதில்லை. அச்சில் நாலு சொட்டு எண்ணெய் விடுகிறோம், சத்தம் அடங்கிவிடுகிறது. ஆனால் குத்துச்சண்டை பழகும் பெண்ணுக்கு மட்டும் இந்த நியாயம் கிடைப்பதில்லை! "உனக்குக் கை வரலே ஆத்தா, விட்டுடு" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கோளாறு கையில் இல்லாமல், தலைக்கு மேலே இருக்கும் விரல் நீளக் கொக்கியில் இருக்கலாமல்லவா?

பெண்ணுக்குக் குத்துச்சண்டையா என்று மூக்கின்மேல் விரல் வைத்த காலம் மலையேறிவிட்டது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாகக் குத்துச்சண்டை வைத்தது 2012-ல், லண்டனில். அதிலேயே மணிப்பூர் மேரி கோம் வெண்கலப் பதக்கம் வாங்கினார். அப்போது அவர் குழந்தைகளுக்குத் தாய்! 2021-ல் டோக்கியோவில் அஸ்ஸாம் லவ்லினாவும் வெண்கலம் பெற்றார். ஆகவே தேனியிலோ, சின்னமனூரிலோ, கம்பத்திலோ ஒரு பெண் "ஸ்பீட் பேக் வேண்டும் அம்மா" என்றால் திடுக்கிட வேண்டியதில்லை.

பந்தலில் தொங்கும் சுரைக்காய் போல, காற்றடைத்த சிறு தோல் பை அது. மேலே ஒரு பலகை. பையையும் பலகையையும் இணைக்கும் சுழல் கொக்கியைத்தான் கடைக்காரர் 'ஸ்விவல்' என்பார். ஒரு குத்து விட்டால் பை பலகையில் மூன்று முறை தட்டித் திரும்ப வேண்டும். 'தகிட, தகிட' என்று தாளம் பிசகாமல் வரவேண்டும். கொக்கி சண்டித்தனம் செய்தால் பை கோணலாக ஓடும்; தாளம் போய்விடும்; பிள்ளையின் உற்சாகமும் போய்விடும்.

கொக்கியில் பல வகை உண்டு. சங்கிலியும் வளையமும் கோத்தது மலிவு. ஆனால் பை முறுக்கிக்கொள்ளும், வேகம் குறையும். கிண்ணத்துக்குள் குண்டு உருளும் வகை எல்லாப் பக்கமும் தாராளமாக ஆடும். பழகுகிறவர்களுக்கு இதுவே போதும். 'பால் பேரிங்' வைத்தது வழுக்கிக்கொண்டு சுழலும். இரண்டு அச்சுகளைக் குறுக்காகப் பூட்டியது இன்னொரு வகை.

புடவையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவோமா? அப்படியே இதையும் கையில் வாங்கிப் பாருங்கள். அடித்தட்டைப் பிடித்துக்கொண்டு, கொக்கியை விரலால் சுண்டிவிடுங்கள். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரே மாதிரி ஆடவேண்டும். எங்கேனும் சிக்கினால் வேண்டாம். லொடலொடவென்று ஆடினாலும் வேண்டாம். கொக்கியின் உட்புறத்தை விரலால் மெள்ளத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் பையின் தோல் வளையத்தை அறுத்துவிடும். நீளம் குறைவாக இருப்பது நல்லது. பை பலகையை ஒட்டியே ஆடும். தட்டின் திருகாணித் துளைகள் உங்கள் பலகைக்குப் பொருந்துகின்றனவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுவதிலும் கவனம் தேவை. பலகை கனமாக, அசையாமல் இருக்கட்டும். பையின் பருத்த பாகம் பெண்ணின் முகவாய் உயரத்தில் வரவேண்டும். வளரும் பிள்ளை, பலகையை ஏற்றி இறக்க வசதி வைத்துவிடுங்கள். கையில் துணிப்பட்டி சுற்றாமல் பழக விடாதீர்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்று இருக்கிறதே, அது பொல்லாதது! கணவாய் வழியே வந்து புழுதியை வாரி இறைக்கும். திறந்த தாழ்வாரத்தில் பையை மாட்டியிருந்தால், புழுதி கொக்கிக்குள் புகும். சாரல் பட்டால் துரு ஏறும். வாரம் ஒருமுறை துடைத்து, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டு விடுங்கள். திருகாணிகளையும் அப்போதே முடுக்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தாளம் பிடிபடவில்லையா? பரவாயில்லை. கோலம் போடக்கூட ஒரே நாளில் கை வந்ததா, என்ன? நாலு மாதம் பொறுங்கள்!