மிஞ்சிய சோறு வாவி கடக்கும் வழி

மட்டக்களப்பில், கல்லடியில் ஒரு கலியாண வீட்டுப் பந்தி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பேருக்குக் காணும் சோறும் கறியும் கிடாரத்தில் மிச்சம். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அன்றைக்கு அடுப்பு மூட்டாத வீடுகள் இருக்கலாம். சமைத்தவருக்கு அந்த வீடுகளைத் தெரியாது. அந்த வீட்டாருக்கு இந்தக் கிடாரம் தெரியாது. இங்கே சோறு இருக்கிறது, சேதி இல்லை. அந்தச் சேதியைக் கொண்டுபோகும் கருவிதான் உணவு மீட்புச் செயலி.

2022இல் உலகம் முழுவதும் வீணான உணவு சுமார் 105 கோடி தொன் என்று ஐ.நா. சுற்றாடல் அமைப்பு மதிப்பிட்டது. அதே ஆண்டில், பொருளாதார நெருக்கடியில் சிக்கிய இலங்கையில் சுமார் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றித் தவித்ததாக ஐ.நா. உணவு அமைப்புகள் கணக்கிட்டன.

செயலி வேலை செய்யும் விதம் எளிது. மிச்சம் வைத்திருப்பவர் நான்கு விபரங்களைப் பதிகிறார்: என்ன உணவு, எத்தனை பேருக்கு, எப்போது சமைத்தது, எங்கே இருக்கிறது. இடத்தைச் செய்மதிகளின் துணையோடு தொலைபேசியே குறித்துக்கொள்ளும். தேவை உள்ள இடங்கள் ஏற்கெனவே வரைபடத்தில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, அருகிலுள்ள தொண்டருக்குச் செயலி தகவல் அனுப்பும். ஒருவர் ஏற்றுக்கொண்டதும் மற்றவர்களுக்கு அழைப்பு நின்றுவிடும்.

கோயம்புத்தூரில் பத்மநாபன் கோபாலனும் நண்பர்களும் 2014இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு இப்படித்தான் கலியாண மண்டபங்களின் மிச்சத்தைப் பசித்தவர்களிடம் சேர்க்கிறது. பசியுள்ள இடங்களை வரைபடத்தில் குறித்துவைத்தது அதன் பெரிய பலம். அயர்லாந்தில் 2013இல் தொடங்கிய 'ஃபுட்கிளவுட்', கடையில் மிஞ்சிய உணவைப் பற்றித் தொண்டு அமைப்புகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. ஆகவே பெறுபவரிடம் விலைகூடிய தொலைபேசி இருக்கவேண்டியதில்லை. நமது கிராமங்களுக்கு இது முக்கியமான பாடம்.

செயலி கட்டாயம் பார்க்கவேண்டியது மணிக்கூட்டை. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அந்தச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது பொதுவான விதி. சோற்றில் வளரும் 'பசிலஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கும். அது உண்டாக்கும் ஒரு நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ப்பால் விட்ட கறியும் நமது வெயிலில் சீக்கிரம் புளிக்கும். நேரம் கடந்த உணவைச் செயலி மறுத்துவிடவேண்டும். பசித்தவருக்குப் பழுதானதைக் கொடுப்பது தானமாகாது.

மட்டக்களப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி, கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்துக் கிடக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு போட்டுத் தூரம் பார்க்கும் செயலிக்கு, எதிரெதிர்க் கரைகளில் உள்ள குருமண்வெளியும் மண்டூரும் பக்கத்து ஊர்கள். ஆனால் அங்கே நெடுங்காலமாக ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடத்தியது 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவை. அதைத் தவறவிட்டவர் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது. 2014இல் திறந்த மண்முனைப் பாலம், படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலைக்குப் போகும் நேரத்தை எவ்வளவோ குறைத்தது. ஆகவே இங்கே ஓடும் செயலி, வீதியையும் பாலத்தையும் துறையையும் வைத்து, தூரத்தைக் கிலோமீற்றரில் அல்லாமல் நிமிடத்தில் அளக்கவேண்டும்.

தேவையை யார் பதிவது? வீடு வீடாகப் பெயர் போட்டு ஏழ்மையை ஊரறியச் செய்யக்கூடாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற ஒன்று, "எங்கள் ஊருக்கு இன்று நாற்பது பார்சல்" என்று சொன்னால் போதும். யார் வீட்டுக்கு என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். கொடுக்கும்போது படம் எடுக்கவும் வேண்டாம்.

கலியாண நாளும் கோயில் திருவிழா நாளும் பல கிழமைகளுக்கு முன்பே தெரிந்தவை. மண்டபம் பதியும் அன்றே செயலியிலும் அந்த நாளைப் பதியலாம். முதல் பந்தி இருக்கும்போதே ஓட்டோவும் மூடியுள்ள பாத்திரங்களும் தயாராக நிற்கும். கைபடாத கிடாரத்தைச் சூடு ஆறுமுன் ஏற்றிவிடலாம். கடைசி விருந்தாளி கைகழுவும் நேரத்தில், அக்கரையில் ஒரு பிள்ளைக்கும் இலை போட்டிருப்பார்கள்.