நல்ல சவரத் தூரிகையைத் தெரிந்தெடுப்பது எப்படி?

சிறிதாகத் தோன்றினாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும் செலவுகளுள் முகச்சவரச் செலவும் ஒன்று. பிளேடு, சோப்பு, கிரீம், சவரத்திற்குப் பின் பூசும் திரவம் ஆகியவற்றை விலையும் தரமும் ஒப்பிட்டு வாங்கும் நாம், தூரிகையை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கிவிடுகிறோம். அண்மைக் காலமாக இந்நிலை மாறி வருகிறது. குப்பியிலிருந்து பீய்ச்சும் நுரையை விடுத்து, பழைய முறைப்படி சோப்பைக் குழைத்துச் சவரம் செய்ய விரும்புவோர் பலர் ‘பேட்ஜர்’ தூரிகையைத் தேடுகின்றனர். அதன் விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் ரூபாய் வரை செல்கிறது. இந்த வேறுபாட்டிற்குத் தக்க காரணம் உண்டா? கொடுக்கும் பணத்திற்கு எதனை எதிர்பார்க்கலாம்? எதனைக் கண்டு ஏமாறாதிருக்க வேண்டும்? இவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

தூரிகையின் பணி

உலர்ந்த தாடி மயிர் கடினமானது. நீரை உறிஞ்சிய பின் அது மென்மையடைந்து பிளேடுக்கு எளிதில் இணங்கும்; இதற்கு இரண்டு மூன்று நிமிடங்களேனும் தேவை. அந்த நேரம் முழுவதும் நீரை முகத்தில் நிறுத்தி வைப்பதே சோப்பு நுரையின் முதற்கடமை. பிளேடு வழுக்கிச் செல்ல வழிசெய்வது அதன் இரண்டாம் கடமை. விரல்களால் தேய்த்தாலும் நுரை வரும். ஆனால் அது நீர்த்த நுரை. தூரிகையோ நீர், சோப்பு, காற்று மூன்றையும் நுண்ணிய குமிழிகளாகக் கலந்து, கெட்டியான நுரையாக்குகிறது. அத்துடன் படுத்திருக்கும் மயிரை நிமிர்த்தி, தோலின் மேலுள்ள இறந்த செல்களையும் அகற்றுகிறது. சவரத்தின் போது எரிச்சலும் கீறலும் அடிக்கடி ஏற்படுவோர், பிளேடை மாற்றுவதற்கு முன் தூரிகையையும் நுரையையும் கவனிப்பது நலம்.

தூரிகைக்கு நான்கு வகைப் பொருள்கள் பயன்படுகின்றன: பன்றி மயிர், குதிரை மயிர், பேட்ஜர் உரோமம், செயற்கை இழை. பன்றி மயிர் தடித்தது. நீரைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்வதால் பயன்படுத்துமுன் சில நிமிடங்கள் ஊறவைக்க வேண்டும். நாட்பட நாட்பட அதன் நுனிகள் பிளந்து மென்மையாகும். குதிரை மயிர் விறைப்பிலும் மென்மையிலும் பன்றி மயிருக்கும் பேட்ஜருக்கும் இடைப்பட்டது. பேட்ஜர் உரோமம் இழைகளுக்கிடையே மிகுந்த நீரைப் பிடித்துவைக்கும். அதன் நுனி இயல்பாகவே மெலிந்திருப்பதால் முதல் நாளிலேயே முகத்திற்கு இதமளிக்கும். செயற்கை இழை விரைவில் நுரையெழுப்பும், விரைவில் உலரும்.

பேட்ஜர் என்னும் வளைக்கரடி

பேட்ஜர் என்பது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழும், நிலத்தில் வளை தோண்டி இரவில் இரை தேடும் விலங்கு. தமிழில் இதனை வளைக்கரடி என்பர். இதன் உரோமத்தை விரித்துப் பார்த்தால் அடியில் வெளிர் நிறமும், நடுவில் கரும்பட்டையும், நுனியில் வெண்மையும் தென்படும். பிரெஞ்சு மொழியில் இவ்விலங்கிற்கும் சவரத் தூரிகைக்கும் ‘பிளேரோ’ என்னும் ஒரே சொல்தான் வழங்குகிறது. அந்த அளவிற்கு இவ்விரண்டும் அங்கு இணைந்துவிட்டன. இங்கிலாந்தின் கென்ட் நிறுவனம் 1777 இலும், பிரான்சின் பிளிசோன் 1808 இலும் தோன்றிய பழமையான தூரிகைத் தயாரிப்பு நிறுவனங்கள். எனினும் இன்று ஐரோப்பியப் பெயர் தாங்கிய தூரிகைகளிலும் உள்ள உரோமம் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வருகிறது. பிரிட்டனில் பேட்ஜர் 1992 ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் காக்கப்படும் விலங்கு.

தரப்பெயர்களை நம்பலாமா?

பேட்ஜர் தூரிகைகள் ‘ப்யூர்’, ‘பெஸ்ட்’, ‘சூப்பர்’, ‘சில்வர்டிப்’ என்னும் பெயர்களில் விற்கப்படுகின்றன. பொதுவாக, ‘ப்யூர்’ என்பது கருமை மிகுந்த, சற்றுக் கரடுமுரடான உரோமம். ‘பெஸ்ட்’ அதனினும் மெல்லியது. ‘சூப்பர்’ தெரிந்தெடுத்துப் பிரித்தது. ‘சில்வர்டிப்’ என்பது இயற்கையாகவே வெண்ணுனி கொண்ட, மிக மென்மையான, விலையுயர்ந்த வகை.

இங்குதான் வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வங்கியின் நகைக்கடன் பிரிவிற்கு வரும் வாடிக்கையாளர் ‘916’ என்று சொன்னால், அச்சொல்லுக்குப் பின்னால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முத்திரை உண்டு. உரைத்துப் பார்க்க மதிப்பீட்டாளரும் உண்டு. ‘சில்வர்டிப்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் அப்படிப் பொதுவான முத்திரை எதுவும் இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் அளவுகோலின்படி பெயரிடுகின்றனர். ஒருவரின் ‘பெஸ்ட்’ மற்றொருவரின் ‘சூப்பர்’ ஆகலாம். மலிவான உரோமத்தின் நுனியை வெளுக்கச் செய்து உயர்ந்த வகையாகக் காட்டுவதும் உண்டு. வெளுக்கும் வேதிப்பொருள் இழையை வலுவிழக்கச் செய்வதால், அத்தகைய தூரிகை விரைவில் ஒடிந்து உதிரும்.

ஆகவே பெயரை விடுத்துக் கற்றையைச் சோதிக்க வேண்டும். நுனிகளை ஒரு பூதக்கண்ணாடி வழியே பாருங்கள். இயற்கையான நுனி ஊசிபோல் மெலிந்து முடியும். கத்தரித்துச் சமப்படுத்திய நுனி மழுங்கியிருக்கும். இத்தகைய தூரிகைதான் முகத்தில் குத்தும். உள்ளங்கையில் மெல்ல அழுத்திச் சுழற்றுங்கள். நுனி இதமாகவும், கற்றை விட்டவுடன் நிமிர்ந்து நிற்பதாகவும் இருக்க வேண்டும். விரல்களால் கற்றையைப் பிரித்தால் நடுவில் வெற்றிடம் தெரியக்கூடாது.

அளவும் அமைப்பும்

உரோமக் கற்றை கைப்பிடியில் பதிந்துள்ள இடத்தின் விட்டமும், அங்கிருந்து நுனி வரையுள்ள உயரமும் தூரிகையின் குணத்தை முடிவு செய்கின்றன. முகச்சவரத்திற்கு 22 முதல் 24 மில்லிமீட்டர் விட்டமும், ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரமும் பெரும்பாலோர்க்குப் பொருந்தும். உயரம் கூடினால் தூரிகை துவளும், குறைந்தால் விறைக்கும்.

எந்தச் சோப்பைப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். கிண்ணத்தில் வரும் கெட்டிச் சோப்பைக் குழைக்க, அடர்த்தியும் விறைப்பும் கொண்ட கற்றை வேண்டும். அதற்கு ‘பெஸ்ட்’ வகையே போதும். மிக மென்மையான ‘சில்வர்டிப்’ தூரிகை குழாயில் வரும் கிரீமுக்கு ஏற்றது. கெட்டிச் சோப்பின் மேல் அது வளைந்து தளர்ந்துவிடக்கூடும். எனவே சோப்புப் பிரியர் ஒருவர் அதிக விலை கொடுத்து, தமக்குக் குறைவாகப் பயன்படும் பொருளை வாங்கும் வாய்ப்பும் இருக்கிறது.

குற்றம் தூரிகையிலா, நீரிலா?

ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரி நீரையும் நம்பியுள்ள நகரங்களில் நுரை எழாமைக்குப் பெரும்பாலும் நீரே காரணம். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவாக மாறுகின்றன. நுரைக்கு வேண்டிய சோப்பு வீணாகிறது. புதிய தூரிகையைக் குறைகூறு முன், குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து ஒரு குவளை நீர் எடுத்து வெதுவெதுப்பாக்கி, அதில் ஒருமுறை சோப்பைக் குழைத்துப் பாருங்கள். நுரை பொங்கி வந்தால் தூரிகை குற்றமற்றது. அன்றாடம் அந்த ஒரு குவளை நீர் போதும். புதிய தூரிகைக்கான செலவு மிச்சமாகும்.

செலவுக் கணக்கு

விலையுயர்ந்த தூரிகை நெடுங்காலம் உழைப்பதால் இறுதியில் சிக்கனமே என்று விற்பனையாளர் கூறுவதுண்டு. ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதனைச் சரிபார்ப்போம். நாள்தோறும் சவரம் செய்பவர் 5,000 ரூபாய்க்கு வாங்கிய தூரிகை 10 ஆண்டுகள் உழைத்தால், ஒரு சவரத்திற்கு ஏறத்தாழ 1 ரூபாய் 37 காசு ஆகிறது. 300 ரூபாய்த் தூரிகையை ஆண்டுதோறும் மாற்றினால் 82 காசு. 1,000 ரூபாய்ச் செயற்கை இழைத் தூரிகை 5 ஆண்டுகள் வந்தால் 55 காசு. ஆக, பேட்ஜர் தூரிகை பணத்தை மிச்சப்படுத்தும் பொருள் அன்று. அது கூடுதல் இதத்திற்குக் கொடுக்கும் விலை. அந்த இதத்தை நாடி வாங்குவதில் தவறேதும் இல்லை. சிக்கனம் என்று எண்ணி வாங்குவதுதான் தவறு.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே 5,000 ரூபாய்த் தூரிகை இரண்டே ஆண்டுகளில் கற்றை கழன்று விழுந்தால், ஒரு சவரத்திற்கு ஏறத்தாழ 6 ரூபாய் 85 காசு. எனவே வாங்குவோர் ஏற்கும் உண்மையான இடர், கற்றையைக் கைப்பிடியில் பிணைக்கும் பசையில்தான் இருக்கிறது. கற்றை கழன்றால் மாற்றித் தருவதாக எழுத்தில் உறுதி தரும் விற்பனையாளரிடம் வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதல் ஒரு வாரத்தில் சில மயிர்கள் உதிர்வது இயல்பு. ஒரு மாதத்திற்குப் பின்னும் உதிர்ந்தால் உத்தரவாதத்தைப் பயன்படுத்தத் தயங்கவேண்டாம்.

உரோமம் எங்கிருந்து வந்தது?

போலித் தூரிகையால் உயிருக்கே தீங்கு நேர்ந்த வரலாறும் உண்டு. முதல் உலகப் போரின்போது பழைய வணிக வழிகள் அடைபட்டு, பேட்ஜர் உரோமம் அரிதாயிற்று. குதிரை மயிரைப் பேட்ஜர் போலத் தோன்றச் செய்த தூரிகைகள் சந்தைக்கு வந்தன. மயிர் முறையாகக் கிருமிநீக்கம் செய்யப்படாததால், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படைவீரரும் பொதுமக்களும் ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோய்க்கு ஆளாயினர், சிலர் இறந்தனர். 1920 ஆம் ஆண்டில் பிரிட்டன் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. இன்று அந்த அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது. ஆயினும் தயாரிப்பாளர் பெயரோ நாட்டின் பெயரோ இல்லாத தூரிகையைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

நம் நாட்டில் சட்டமும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் வாழும் தேன் வளைக்கரடி, 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. கீரியும் இச்சட்டத்தால் காக்கப்படும் விலங்கே. எனினும் ஓவியத் தூரிகைகளுக்காகக் கீரிகள் கொல்லப்பட்டு வந்தன. 2019 ஆம் ஆண்டில் வனவிலங்குக் குற்றத்தடுப்புப் பிரிவு இதற்கெதிராக நாடு தழுவிய நடவடிக்கை மேற்கொண்டது. ‘அசல் விலங்கு மயிர்’ என்று மட்டும் சொல்லி, எந்த விலங்கென்று சொல்லாத தூரிகை எதுவாயினும் அதனை வாங்க வேண்டாம்.

மனச்சான்று சார்ந்த கேள்வியும் எழுகிறது. சீனப் பண்ணைகளில் பேட்ஜர்கள் நடத்தப்படும் விதம் பற்றி 2018 ஆம் ஆண்டில் விலங்குநல அமைப்பு ஒன்று வெளியிட்ட விவரங்களைத் தொடர்ந்து, சில நிறுவனங்கள் பேட்ஜர் தூரிகை விற்பனையைக் கைவிட்டன. இதற்கிடையே செயற்கை இழையின் தரம் வெகுவாக உயர்ந்துள்ளது. பேட்ஜரின் கரும்பட்டையையும் மெலிந்த நுனியையும் பின்பற்றி இழைகள் உருவாக்கப்படுகின்றன. பேட்ஜரின் இதத்தை விரும்பி, உயிர்வதை வேண்டாம் என எண்ணுவோர்க்கு இவை தகுந்த மாற்று.

பராமரிப்பு

வாங்கியதைப் பேணுவதும் தேர்வின் ஒரு பகுதியே. புதிய பேட்ஜர் தூரிகையில் விலங்கு வாடை வீசும். சில முறை சோப்பில் குழைத்துக் கழுவினால் நீங்கிவிடும். கொதிநீரில் ஒருபோதும் அமிழ்த்தக்கூடாது. பசை தளரும், உரோமம் வறளும். கை பொறுக்கும் சூடே எல்லை. முகத்தில் அழுத்தித் தேய்க்காமல் நுனிகளால் வருடுவது போதும். பயன்படுத்திய பின் சோப்பு முழுவதும் அகல அலசி, கற்றையை இழுக்காமல் மெல்லப் பிழிந்து, உதறி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தொங்கவிட்டாலும் நிமிர்த்தி வைத்தாலும் பெரிய வேறுபாடில்லை. காற்று படுவதே முக்கியம். சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்களின் மழைக்காலத்தில் ஈரத் தூரிகையை மூடிய பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கடினநீரின் படிவு சேர்ந்தால், சிறிதளவு வினிகர் கலந்த நீரில் சில நிமிடங்கள் ஊறவைத்து அலசலாம். நெடுநாள் பயன்படுத்தாமல் எடுத்து வைப்பதாயின் நன்கு உலர்த்தி, அந்துப்பூச்சி அணுகாதபடி வைக்க வேண்டும்.

கடைக்குச் செல்லுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை கண்டு கொள்ளுங்கள். நாம் பயன்படுத்துவது கெட்டிச் சோப்பா, கிரீமா? நம் வீட்டு நீர் எத்தகையது? கற்றைக்கு உத்தரவாதம் தருபவர் யார்? உரோமம் எந்த விலங்கினுடையது? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தபின், பெட்டியின் மேல் அச்சிட்ட தரப்பெயர் நம்மை மயக்காது. சவரத் தூரிகை தொடங்கி வீட்டுமனை வரை, பொருளின் பெயருக்கு அன்றிப் பொருளுக்கே விலை கொடுப்பது நம் சேமிப்பிற்கு நல்லது.