மனிதச் சுதந்திரமும் மறுமை வாழ்வும்

“அன்பே உருவான ஆண்டவர், தாம் படைத்த மனிதனை நரகத்திற்கு அனுப்புவாரா?” பங்குகளில் இளைஞர் அடிக்கடி எழுப்பும் வினா இது. “எல்லாம் தலையெழுத்து, நம் கையில் என்ன இருக்கிறது?” என்று பெரியவர்கள் பெருமூச்செறிவதும் நம் செவிக்குப் புதிதன்று. இரண்டு பேச்சும் வெவ்வேறாகத் தோன்றினும், இரண்டும் ஓர் உண்மையை மறந்தே எழுகின்றன. இறைவன் மனிதனுக்கு மெய்யான சுதந்திரத்தை அளித்திருக்கிறார் என்பதே அவ்வுண்மை.

நெருப்பும் நீரும் மனிதன்முன் வைக்கப்பட்டுள்ளன, அவன் விரும்பியதை நோக்கிக் கையை நீட்டலாம் என்று சீராக் நூலின் 15ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. ஆதிப் பாவத்தால் இச்சுதந்திரம் அழிந்தே போயிற்று என்ற கருத்து பதினாறாம் நூற்றாண்டில் பரவியபோது, திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1547 சனவரி 13ஆம் நாள் அதனை மறுத்தது. மனித சித்தம் பலவீனமுற்றது, ஆனால் அணைந்துவிடவில்லை. இறையருளே முந்தி வந்து மனிதனைத் தூண்டுகிறது. அதற்கு இசையவும் அதை மறுக்கவும் அவனால் இயலும்.

“நடக்கப்போவதை இறைவன் முன்னரே அறிவாரே! பின் சுதந்திரம் ஏது?” என்பார் உண்டு. புனித தோமா அக்குவினார் இதற்கு அழகிய விளக்கம் தருகிறார். சாலையில் நடப்பவனுக்குத் தன் பின்னால் வருபவர்கள் தெரிவதில்லை. உயரத்தில் நிற்பவனோ அனைவரையும் ஒருசேரக் காண்கிறான். அவன் காண்பதால் அவர்கள் நடக்கவில்லை. முக்காலத்தையும் ஒருங்கே காணும் இறைவனின் அறிவும் நம்மை வற்புறுத்துவதில்லை.

அவ்வாறாயின் நரகம் என்பது யாது? 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், மனிதன் தானே இறுதிவரை இறைவனிடமிருந்து விலகி நிற்கும் நிலையே அது என்கிறது. எவரையும் இறைவன் நரகத்திற்கென்று முன்குறித்து வைக்கவில்லை. ஊதாரி மகனின் உவமையில் மூத்த மகனை நினைவுகூர்வோம். வீட்டில் விருந்து நடக்கிறது. தந்தையே வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். ஆயினும் மகனைக் கையைப் பற்றி உள்ளே இழுத்துச் செல்லவில்லை. அவன் உள்ளே சென்றானா என்பதை ஆண்டவர் நமக்குச் சொல்லவுமில்லை. அன்பு அழைக்கும், கட்டாயப்படுத்தாது.

தெரிவு செய்யும் காலம் மரணத்தோடு முடிகிறது. இறைவனைத் தெரிந்துகொண்டு முற்றும் தூய்மையடைந்த ஆன்மாக்கள், பொதுத் தீர்வைக்குக் காத்திராமலே அவரை முகமுகமாய்த் தரிசிக்கின்றன என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனெதிக்த் 1336இல் வரையறுத்தார். அவரது அன்பில் இறந்தும் இன்னும் தூய்மை பெறவேண்டியவர்கள் உத்தரிக்கிற நிலையில் உள்ளனர். அவர்களுக்கு நம் செபமும் திருப்பலியும் துணைநிற்கின்றன.

இங்கே வேதனை மிகுந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட இயலாது. தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்கள், திருப்பலிக் கருத்துக் கொடுக்கவும் கூசி நிற்பதுண்டு. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், முழு மனதுடன் தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. உயிர் இறைவனுக்கே உரியது என்ற போதனை மாறிவிடவில்லை. ஆனால் சாவான பாவத்திற்குக் கனமான காரியம், தெளிந்த அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். கடும் மனநோயும் அச்சமும் துன்பமும் சுதந்திரத்தைக் குறைக்கின்றன. அதற்கேற்பப் பொறுப்பும் குறைகிறது. இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழிகளால் அவர்களுக்கு மனந்திரும்பும் வாய்ப்பை அளிக்கக்கூடும் என்று கூறி, மறைக்கல்வி நூல் நம்மை நம்பிக்கைக்கு அழைக்கிறது. ஆகவே, “அவருக்கு மோட்சம் இல்லை” என்று தீர்ப்புக் கூற எவருக்கும் உரிமை இல்லை. எத்தனையோ பேரைப் புனிதர் என அறிவித்துள்ள திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என ஒருவரைக்கூட அறிவித்ததில்லை.

பிறருக்காக நம்பிக்கை கொள்ளும் நாம், நம்மைக் குறித்து விழிப்பாயிருப்போம். மறுமை என்பது இன்றைய தெரிவுகளின் விளைவு. பகைவனோடு பேசலாமா, கூலியாளுக்கு உரியதை முழுமையாகக் கொடுக்கலாமா என்று நாம் தீர்மானிக்கும் ஒவ்வொரு வேளையிலும் நம் உள்ளம் இறைவனை நோக்கியோ அவரை விட்டு விலகியோ பழகிவருகிறது. இரவுச் செபத்தின்போது பிள்ளைகளோடு அமர்ந்து ஆத்தும சோதனை செய்யுங்கள். “அவன் செய்ய வைத்தான்” என்னாமல், “நான் செய்தேன், மன்னியும்” என்று சொல்ல அவர்களைப் பழக்குங்கள். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைக்குச் செல்கையில், எவரும் மெழுகுதிரி ஏற்றாத கல்லறைகளின் முன்பும் சற்று நின்று செபியுங்கள்.